தட்டின் ஓரத்தில் கடுகு

கண் தெரிய ஆரம்பித்த பதினோராம் நாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு தூணிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு முந்தைய முப்பத்தாறு வருடங்களில் நான் எந்தத் தூணிலும் இடித்ததில்லை. தூண் இருக்கும் இடத்தில் காற்று கொஞ்சம் தயங்கும், நம் செருப்புச் சத்தம் கொஞ்சம் சீக்கிரமாகத் திரும்பி வரும். அது போதும், விலகிப் போய்விடலாம். அன்றைக்கு எதிரே ஒரு வெள்ளை நின்றது. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் என்று நினைத்து "குட்மார்னிங் சார்" சொல்லிக்கொண்டே போய் நெற்றியை முட்டிக்கொண்டேன். முட்டிய பிறகும் புத்தி வரவில்லை, "மன்னிச்சிருங்க சார்" என்றேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிப்போனாள்.

கண் கிடைத்தவுடன் உலகம் அழகாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அது குப்பை கொட்டிய மாதிரி இருந்தது. படிக்கட்டு என்பது தரையில் கிழித்த கோடுகள். வாசலில் விழுந்த நிழல் ஒரு பள்ளம். நான் அதைத் தாண்டிக் குதித்தேன். மேஜை எங்கே முடிகிறது, அதன் மேல் இருக்கும் டம்ளர் எங்கே தொடங்குகிறது என்று யாரும் எனக்குக் கோடு போட்டுக் காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் டம்ளர். திறந்து பார்த்தால் ஏதோ ஒன்று.

என் பெயர் சுகிர்தா. திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மார்பகப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வரும் பெண்களைப் படுக்க வைத்து, மார்பின் மேல் புள்ளிகள் புடைத்த ஐந்து பட்டைகளை ஒட்டுவேன். அந்தப் புள்ளிகளை விரலால் எண்ணிக்கொண்டே, ஒரு செண்டிமீட்டர் விடாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் மேலாக, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு ஆழமாக. ஒருவருக்கு நாற்பது நிமிடம். கட்டி இருந்தால் விரலுக்குச் சொல்லும். டாக்டர்களின் விரலுக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் தட்டுப்படும் கட்டி, எங்கள் விரலுக்கு அதில் பாதிக்கும் குறைவாக இருக்கும்போதே தட்டுப்படும். அதனால்தான் இந்த வேலைக்குக் கண் தெரியாத பெண்களை எடுக்கிறார்கள். எங்கள் பிரிவில் நானும் சபூராவும். பதினொரு வருடமாக ஒரே அறையில், ஒரு திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.

நான் பிறக்கும்போதே இரண்டு கண்ணிலும் புரை. சில மாதங்களுக்குள் எடுத்திருந்தால் எல்லோரையும் போல ஆகியிருப்பேன். எங்கள் வீட்டில் "பிள்ள வளரட்டும்" என்று விட்டார்கள். பிள்ளை நன்றாக வளர்ந்து, பத்தொன்பது வயதில் எடுத்தார்கள். கட்டை அவிழ்த்த டாக்டர், கண் பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கிறது என்றார். எனக்குத் தெரிந்தது வெளிச்சமும் அதில் கலங்கிக் கிடந்த ஏதோ ஒன்றும்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று இருந்தேன். பதினேழு வருடம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு மூளை டாக்டராக இசக்கிராஜ் வந்தார்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல, சுகிர்தா" என்றார். "பாக்கிறது கண்ணு இல்ல, மூளை. சின்னப் பிள்ளையில மூளை ஈர சிமெண்ட் மாதிரி. எது பக்கத்துல இருக்கு, எது தூரத்துல, எது அம்மா மூஞ்சி, எது சுவரு, எல்லாம் அந்த ஏழெட்டு வருஷத்துல அதுல பதியணும். உங்களுக்குப் பதியிறதுக்கு எதுவுமே வரல. சிமெண்ட் காஞ்சுபோச்சு."

"காஞ்ச சிமெண்ட வச்சு என்ன செய்ய?"

"மறுபடி நனைக்கலாம்."

மூக்கில் விடும் சொட்டு மருந்து. தொண்ணூறு நாள். தினமும் காலையில் இரண்டு சொட்டு, மத்தியானத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் பார்க்கப் பழகும் பயிற்சி. அந்தத் தொண்ணூறு நாளும் மூளையின் அந்தப் பகுதி கைக்குழந்தையின் மூளை மாதிரி இளகிக் கிடக்கும் என்றார். நான் ஒன்று கேட்டேன்.

"நனைச்சா, ஏற்கெனவே அதுல பதிஞ்சு கெடக்கிறது என்ன ஆவும்?"

அவர் நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது. "உங்களுக்கு முன்னாடி இருபத்திரண்டு பேருக்குக் குடுத்திருக்கோம். யாருக்கும் பெருசா எதுவும் ஆகல. ஆனா அவங்க யாரும் உங்கள மாதிரி விரல வச்சுப் பிழைக்கிறவங்க இல்ல. எதுக்கும் மூணு மாசம் லீவு போட்டிருங்க."

நான் லீவு போடவில்லை. சபூரா ஒருத்தியால் அத்தனை பேரையும் பார்க்க முடியாது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது கர்வம். இந்தக் கை பதினொரு வருடமாக ஒரு தப்பும் செய்ததில்லை, இரண்டு சொட்டு மருந்து இதை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். வழக்கம்போல ஒவ்வொரு திங்கட்கிழமையும் நடக்கும் விரல் சோதனையில் தேறினால் வேலை பார்க்கலாம் என்று பேசி முடித்தோம். ரப்பரில் செய்த ஒரு மார்பு. அதற்குள் மிளகு அளவிலிருந்து கடலை அளவு வரை பதினான்கு மணிகள் புதைந்திருக்கும். எல்லாவற்றையும் கண்டுபிடிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஞானதுரை மட்டும் வேண்டாம் என்றார். அவருக்குப் பிறவியிலேயே கண் நரம்பு செத்துவிட்டது. எந்தச் சொட்டும் அவருக்கு உதவாது. கலெக்டர் ஆபீஸில் புகார் எண்ணுக்கு வரும் போனை எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் அதிகம் பேசமாட்டார்.

"பாத்து என்னட்டி செய்யப் போற?" என்றார்.

"பாக்கப் போறேன்."

யாராவது வேண்டாம் என்றால் எனக்கு அந்த வேலையைச் செய்தே தீர வேண்டும், அது அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் லைட் எரிந்ததே இல்லை. விருந்தாளி வந்தால் போடுவதற்காக ஹாலில் ஒரு ட்யூப்லைட் உண்டு. மருந்து தொடங்கிய மூன்றாம் வாரத்தில் நான் அதைப் போட ஆரம்பித்தேன். சுவிட்ச் சத்தம் கேட்டதும் அவர் தலையைத் திருப்புவார். "யாரு வந்திருக்கா?" என்பார். "யாரும் வரல, நான்தான்" என்பேன். நாலைந்து நாளில் கேட்பதை நிறுத்திவிட்டார். கண் தெரியாதவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எந்தப் பொருளும் இடம் மாறாது. நான் ஒருநாள், ஜன்னல் பக்கம் மஞ்சளாக விழுந்த வெயில் பிடித்துப் போய், நாற்காலியை இழுத்து அங்கே போட்டேன். ஆபீஸிலிருந்து வந்தவர் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன். "வெயிலு நல்லா இருக்காக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

நல்லாத்தான் இருந்தது. அதை மறைத்து எனக்கு என்ன ஆக வேண்டும்? முதலில் மஞ்சள் வந்தது, பிறகு நீலம். காய்கறிக் கடையில் கத்தரிக்காயின் நிறத்தைப் பார்த்து நடு ரோட்டில் நின்றுவிட்டேன், ஆட்டோக்காரன் காது கிழிய ஹாரன் அடித்தான். முகம் மட்டும் படியவில்லை. ஞானதுரையின் மூக்கைத் தொட்டுக்கொண்டே பார்த்தால் மூக்கு தெரிந்தது. கையை எடுத்தால் அது முகத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒரு சாயங்காலம் அவரை உட்கார வைத்து, நெற்றியில் தொடங்கித் தாடை வரை தடவித் தடவிப் பார்த்தேன். திடீரென்று எல்லாம் ஒன்றுகூடி ஒரு ஆளாக உட்கார்ந்தது. அவர் கூச்சத்தில் சிரித்தார். சிரிப்பு என்பது காதில் கேட்பது மட்டும் இல்லை, கன்னம் இரண்டும் ஏறிக்கொள்ளும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் அழுதுவிட்டேன்.

"எதுக்கு அழுத? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?" என்றார்.

"உங்க சட்டை நீலம்" என்றேன்.

அந்த நாட்களில் பார்ப்பதே எனக்கு வேலையாகப் போயிற்று. சாப்பிடும்போது என் தட்டைப் பார்ப்பேன், பிறகு அவர் தட்டைப் பார்ப்பேன். எவர்சில்வர் வட்டம், நடுவில் வெள்ளைச் சோறு, அதன் மேல் மஞ்சளாகக் குழம்பு. அவர் தட்டின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள், மூன்று இருக்கும், சில நாள் ஐந்து. இது என்ன என்று நானே யோசித்து, கடுகு என்று முடிவு செய்தேன். கடுகை ஒதுக்குகிற பழக்கம் அவருக்கு இருப்பது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகத் தெரியாமல் போயிற்றே, கண் வந்ததால்தானே தெரிகிறது என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் பயிற்சிக்குப் போனதும் இசக்கிராஜிடம் சொன்னேன். "அவ்வளவு சின்னது தெரியுதா? பிரமாதம்!" என்று அவர் என் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

நாற்பத்து நான்காம் நாள் சண்முகக்கனி வந்தாள். ஜங்ஷன் பக்கத்தில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருப்பவள், வருடா வருடம் என்னிடம்தான் வருவாள். பட்டை ஒட்டும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"ஊருக்கெல்லாம் நான் டேப்பு வைக்கேன், எனக்கு நீ வைக்க. கூலி என்ன போடப் போற?"

"சும்மா மூச்ச இழுத்து விடுங்கக்கா."

அன்று பட்டைகளை நான் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருந்தன. பதினொரு வருடம் ஒட்டியிருக்கிறேன், அவற்றுக்கு நிறம் உண்டு என்று தெரியாது. கட்டங்களைக் கண்ணால் எண்ணிக்கொண்டே போனேன். விரல் பின்னாலேயே வந்தது. அரை மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது. சீக்கிரம் முடிந்ததே என்று ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், எனக்கு வந்தது சந்தோஷம். "ஒண்ணும் இல்ல, அடுத்த வருஷம் வாங்க" என்று அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து சபூரா திரையை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"ஏ சுகிர்தா, கோவிச்சுக்காத. அந்த டைலர் அக்கா இருக்காவள்லா, அவ்வோள நானும் பாத்தேன்."

"எப்பம்?"

"அன்னைக்கே. நீ பயிற்சிக்குப் போன பொறவு. இடது பக்கம், மூணாவது பட்டைக்கும் நாலாவது பட்டைக்கும் நடுவுல, ஆழத்துல கெடக்கு. ஆறு மில்லிமீட்டர். ஸ்கேன்லயும் வந்துட்டு."

காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. "நான் அங்க தொட்டேனே" என்றேன்.

"தொட்டிருப்ப" என்றாள் சபூரா. அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை சோதனைகளில் நான் ஒவ்வொரு வாரமும் பதினான்குக்குப் பதினான்கு. அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு இசக்கிராஜிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த ரப்பரை எவ்வளவு நாளா வச்சிருக்கீங்க?"

"நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து."

அவர் எழுந்து போய், அட்டைப்பெட்டி பிரிக்கும் சத்தத்தோடு புதிதாக ஒரு ரப்பர் மார்பைக் கொண்டுவந்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். பழையது எனக்கு மனப்பாடம். எந்த மணி எங்கே கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆறு வாரமாக விரல் சொல்லவில்லை, ஞாபகம்தான் சொல்லியிருக்கிறது. நான் ஏமாற்றவில்லை. ஏமாற்றுகிறேன் என்று எனக்கே தெரியாது. புதியதில் மணிகளைத் தேடித் தேடி வியர்த்துப் போனேன். பதினான்கில் ஐந்து கிடைத்தது, ஐந்தும் பெரியவை.

இசக்கிராஜ் அந்த ரப்பரைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "தலைக்குப் பின்பக்கம், பார்வைக்குன்னு ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு அது சும்மா பூட்டிக் கெடக்குன்னு நெனச்சோம். சும்மா கெடக்கல. சின்ன வயசுலயே உங்க விரலு அங்க குடிவந்திருக்கு. அந்த இடமும் சேந்து வேலை செஞ்சதாலதான் உங்க கைக்கு அந்தக் கூர்மை. இப்ப சொந்தக்காரன் வந்து கதவத் தட்டுறான். குடியிருந்தவன் சாமானத் தூக்கிட்டு வெளிய போறான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"லீவு போடச் சொன்னேன்" என்றார். உடனே, "இல்ல, நான் கட்டாயப்படுத்தியிருக்கணும். எனக்கும் ஆசை. உங்க ஃபைல் அவ்வளவு நல்லா போயிட்டிருந்தது" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதியை என் மேல் வைத்துக்கொண்டேன்.

மருந்து தொடங்கிய நாளிலிருந்து நான் பார்த்த நூற்றுப் பதினேழு பேரையும் திரும்ப அழைத்தார்கள். சபூராவும், மதுரையிலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் இரவு பகல் பாராமல் பார்த்து முடித்தார்கள். போன் போட்டுச் சொல்லும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "நான் சரியாப் பாக்கல, திரும்ப வாங்க" என்று நூற்றுப் பதினேழு முறை சொன்னேன். சிலர் திட்டினார்கள், ஒருத்தி போனிலேயே அழுதாள். இன்னும் ஒருவருக்குக் கட்டி இருந்தது. நல்ல வேளையாக அது தீங்கில்லாத கட்டி. சண்முகக்கனியின் கட்டி அப்படி இல்லை. ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டதால் ஆபரேஷனோடு போயிற்று.

அவளை வார்டில் போய்ப் பார்த்தேன். முகம் எனக்குப் படியவில்லை, குரல்தான் அடையாளம்.

"பிளவுஸுல தையல் கோணினா பிரிச்சுத் திரும்பத் தைச்சிருவேன்" என்றாள். "நீ என்னத்தப் பிரிப்ப?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குக் கோவந்தான். சீக்கிரம் போவாது. நீ நின்னுக்கிட்டே இருக்காத, உக்காரு."

உட்கார்ந்தேன். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

இசக்கிராஜ் இரண்டு வழி சொன்னார். மருந்தைத் தொண்ணூறு நாளும் எடுத்து முடித்தால் பார்வை உறுதியாகிவிடும். புத்தகம் படிக்கலாம், தனியாக ரோட்டைக் கடக்கலாம். விரல் எல்லோருடைய விரலையும் போல ஆகிவிடும். அல்லது இப்போதே நிறுத்தலாம். ஈரம் காய நாற்பது நாள் ஆகும். காயும்போது எதை அதிகமாகப் பயன்படுத்துகிறோமோ அதுதான் நிலைக்கும். நாற்பது நாளும் கண்ணைக் கட்டிக்கொண்டு விரலையே பழக்கினால், விரல் திரும்பலாம்.

"திரும்பலாமா, திரும்புமா?"

"லாம்" என்றார். "அதுக்கு மேல சொன்னா பொய். ரெண்டு நாள் யோசிங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் மருந்தைத் தொடரத்தான் நினைத்தேன். வேலை போனால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். முப்பத்தாறு வருடம் மற்றவர்களுக்குத்தான் நீலமும் மஞ்சளும். எனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்பதில் என்ன தப்பு? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து சமைக்கும்போதும் அதே நினைப்புதான். சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடம் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். ஜன்னல் வெயில் நேரே அவர் தட்டில் விழுந்தது. ஓரத்தில் அந்தக் கறுப்புப் புள்ளிகள், இரண்டு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வாயிலிருந்து மூன்றாவதாக ஒன்றை எடுத்து, சத்தம் வராமல் அங்கே வைத்தார். கடுகை வாயிலிருந்து யாரும் எடுப்பார்களா என்று அப்போதுதான் தோன்றியது. கையை நீட்டி அந்தப் புள்ளியைத் தொட்டேன். விரல் மந்தமாகிப் போன விரல்தான், அதற்கே தெரிந்தது.

கல்.

எங்கள் வீட்டுக்கு அரிசி என் அண்ணன் வயலிலிருந்து வருகிறது. வீட்டிலேயே புடைத்துக் கல் பொறுக்க வேண்டிய அரிசி. சுளகில் பரப்பி விரலாலேயே பொறுக்குவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் சோற்றில் ஒரு கல் கடிபட்டதில்லை. அவர் ஆபீஸில் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு மாதமாக அந்தக் கற்கள் என் கண் எதிரே தட்டில் கிடந்திருக்கின்றன. தினமும் பார்த்திருக்கிறேன், பெருமையாக எண்ணிக்கூட இருக்கிறேன். என் வாயிலும் கடிபட்டிருக்கும். நிறம் பார்த்துக்கொண்டே விழுங்கியவளுக்கு எப்படித் தெரியும்?

"எத்தன நாளா?" என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "சாப்புடு மொதல்ல."

"எத்தன நாளா கல்லு கெடக்கு?"

"ஒரு மாசம் இருக்கும்."

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. நான் பயிற்சிக்குப் போன பிறகு சபூரா எதற்காக சண்முகக்கனியைத் திரும்பப் படுக்க வைத்துப் பார்த்தாள்? இதுவரை நான் அவளிடம் அதைக் கேட்கவே இல்லை.

"சபூராட்ட நீங்கதான் சொன்னீயளா?"

"ஆமா" என்றார். "நீ பாக்கிற ஆள எல்லாம் உனக்குத் தெரியாம ஒரு தடவ பாத்துக்கோன்னு போன் போட்டேன். எல்லாரையும் பாக்க முடியாது, முடிஞ்ச மட்டும் பாக்கேன்னு சொன்னா. அந்த ஒரு வாரமாத்தான் பாத்துட்டு இருந்தா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினொரு வருடம் ஒன்றாகச் சோறு தின்ற சபூராவும் கட்டின புருஷனும் சேர்ந்து என் முதுகுக்குப் பின்னால் வேவு பார்த்திருக்கிறார்கள். "என்ட்ட சொல்லுததுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது?"

"கல்லு இருந்துது" என்றார்.

சிரிக்கவில்லை, நான். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சோத்துல கல்லு கெடந்தா நான் துப்பிருவேன், சுகி. அந்தப் பொம்பளையளோட மாருல கெடந்தா யாரு துப்புவா? அதான் சபூராட்ட சொன்னேன். உன்ட்ட சொல்ல எனக்கு வாய் வரல. சட்டை நீலம்னு ஒரு நாள் சொன்னீல்லா, உன் குரலு அன்னைக்கு மாதிரி நான் என்னைக்கும் கேட்டதில்ல. அதுல போயி, சோறு கல்லாக் கெடக்குன்னு எப்படிட்டி சொல்ல?"

அந்த மூன்று கற்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணில்லாத அந்த மனிதர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார், நான் எதையுமே பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து, எழுந்து போய் அவரை வெளிச்சத்தில் உட்கார வைத்து, இன்னொரு முறை முகத்தைப் பார்த்தேன். நெற்றி, புருவம், இடிபட்டு லேசாக வளைந்த மூக்கு. தடவாமலே தெரிந்தது. பிறகு அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலை மருந்து விடவில்லை.

நாற்பது நாள். விரல்களுக்குக் கீழே எதையாவது வைத்துக்கொண்டே இருந்தேன். புள்ளி எழுத்துப் புத்தகம், புது ரப்பர், பிறகு இன்னொரு புது ரப்பர், சுளகு நிறைய அரிசி. நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டேன். முதல் வாரத்தில் கட்டுக்குள் மஞ்சள் மஞ்சளாக ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு அதுவும் குறைந்தது. சண்முகக்கனி ஒருநாள் போன் போட்டாள். "கையி சரியாச்சுன்னா அடுத்த வருஷம் எனக்கு நீதான் பாக்கணும். ஒரு தடவ தப்பு செஞ்சவ அடுத்த தடவ பயந்து பாப்பா" என்றாள். கோபம் போய்விட்டதா என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் கட்டை அவிழ்த்தேன். முகங்கள் போய்விட்டன, மேஜையும் டம்ளரும் மறுபடி ஒன்றாகக் கலந்துவிட்டன. நீலம் மட்டும் ஏனோ போகவில்லை. அன்று அவர் போட்டிருந்தது சட்டையா பனியனா என்று எனக்குத் தெரியாது, நீலம் என்று தெரிந்தது.

அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு, நான் சாப்பிடாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பிட்டார். தட்டில் ஒரு சத்தமும் இல்லை. விரலை நீட்டி ஓரத்தை வட்டமாகத் தடவிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஆனால் அவர் மெல்லுகிற சத்தத்தில் ஒரு இடத்தில் ஒரு தயக்கம் இருந்தது. பன்னிரண்டு வருடம் கேட்ட சத்தம் அது.

"வாயத் தொறங்க."

"எதுக்குட்டி?"

"தொறங்கன்னு சொல்லுதேன்."

"ஒண்ணும் இல்ல, சாப்புட விடு."

தாடையைப் பிடித்துத் திறந்து, சோறும் குழம்புமாக இருந்த வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டேன். நாக்குக்கு அடியில் இல்லை. வலது கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒளித்து வைத்திருந்தார். தண்ணீர் குடிக்கும்போது விழுங்கிவிடலாம் என்ற எண்ணம். விரல் நுனியில் எடுத்து, கட்டை விரலால் உருட்டினேன். மணலில் ஒரு பருக்கை. ஒரு பக்கம் கூராக, மறுபக்கம் வழவழவென்று. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது.

"இத எப்படிட்டி கண்டுபிடிச்ச?" என்றார். அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "ஏ, இதக் கண்டுபிடிச்சிட்டியே! நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்பமே சபூராவுக்குப் போன் போடுதேன்."

"கண்டுபிடிச்சது சரி" என்றேன். "சுளகுல விட்டதும் இதே கைதான."

அவர் கன்னத்தில் கை வைத்தேன். கன்னம் இரண்டும் ஏறியிருந்தன. அந்தக் கல்லைத் தட்டின் ஓரத்தில் வைத்தேன், டிக்கென்று கேட்டது. சாயங்காலம் இசக்கிராஜுக்குப் போன் போட்டு, வேலைக்குத் திரும்புவதற்கான விரல் சோதனையை இன்னும் ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ரப்பரை மாற்றிவிட வேண்டும் என்றும் சொன்னேன்.